மாடியை விட்டு இறங்கிய பேய்

நாடகக் கொட்டகையின் மாடியில் யார் கால் வைத்தாலும் பலகைகள் கிரீச்சென்று கத்தின. நூறாண்டுக் கட்டடம். ஜனத்தோடு சேர்ந்து தன் தலையில் இடிந்துவிடுமோ என்று மேனேஜருக்குத் தூக்கம் போயிற்று. தச்சருக்குச் சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாராம்.

அதுவரை யாரும் ஏறாதபடி படிக்கட்டில் கயிறு கட்டினார். ஜனங்கள் குனிந்து போனார்கள்.

"பேய் இருக்குன்னு சொல்லிவிடுங்க. ஒருத்தன் ஏறமாட்டான்" என்றாள் டிக்கெட் கொடுக்கும் அவர் மனைவி.

மேனேஜர் நின்ற இடத்திலேயே ஒரு நடிகையைச் சாகடித்தார். மேடையில் வசனம் மறந்து, அவமானத்தில் உயிரை விட்டவள். மாடியில் உட்கார்ந்து அந்த வசனத்தை இன்னும் தேடுகிறாள். இதை டீக்கடைக்காரரிடம் ரகசியம் என்று சொன்னார். ரகசியம் என்றால்தான் அவர் ஊர் பூராவும் சொல்வார்.

மறுநாள் மாடி நிரம்பி வழிந்தது.

"கீழ ஒரு சீட்டும் போகலீங்க. எல்லாருக்கும் பேய் பக்கத்துலதான் வேணுமாம்!" என்றாள் மனைவி.

பலகை கதறும்போதெல்லாம் "அவதான்! அவதான்!" என்று கை தட்டினார்கள்.

வேறு வழியில்லாமல் மேனேஜர் பேயை இடம் மாற்றினார். "வசனம் ஞாபகம் வந்துடுச்சாம். மேடைக்கே இறங்கிட்டா!"

ஞாயிறன்று மாடியில் ஈ, காக்கை இல்லை. ஆனால் கதாநாயகன் மேடையேற மறுத்துவிட்டான்.

"எனக்கே வசனம் ஒழுங்கா வராது. கூட அவளும் பேசினா நான் எங்க போவேன்?"

டிக்கெட் வாங்கியவர்கள் எழுந்து நின்றார்கள். "நாடகம் இல்லேன்னா பேயையாவது காட்டுங்கய்யா!"

அடி விழுவதற்குள் மேனேஜர் அவர்களை மேடையிலேயே ஏற்றிவிட்டார். கைக்குழந்தையோடு, குடையோடு, கொட்டகையே ஏறி நின்றது. எல்லாரும் சேர்ந்து குதித்தால் பேய் வெளியே வரும் என்று எவனோ சொல்ல, குதிக்கவும் ஆரம்பித்தார்கள்.

குதித்தால் குதிக்கட்டும். காலியான மாடியை அண்ணாந்து பார்த்து, மேனேஜர் அத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

நாடகத்துக்குக் கொஞ்சம் முன்பு வந்து கொட்டகை முழுக்கத் தட்டிப் பார்த்த தச்சர், டீ குடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார்.

"மாடியில யானையையே ஏத்தலாம் சார், ஆணி தளர்ந்துதான் கத்துது" என்றவர், மேடைப் பக்கம் திரும்பினார். "ஐயய்யோ! கரையான் தின்ன மேடையில எதுக்கு சார் இத்தனை பேரு?"