அக்காவின் இ-சிம்மும் ஊர் தாண்டாத நிபுணரும்

விமானம் ஏறுகிறவர்கள், ஏறாதவர்கள் என்று மனிதர்களில் இரண்டே வகை என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. பிறரை ஏற்றிவிடுகிறவர்கள். இவர்கள் வெளிநாடு போனதில்லை. போவதாக உத்தேசமும் இல்லை. ஆனால் எந்த விமான நிலையத்தில் கழிப்பறை எந்தப் பக்கம், எந்த நாட்டு பிளக்குக்கு எத்தனை கால், எந்த ஊர் டாக்சிக்காரரிடம் பேரம் பேசலாம் என்பதெல்லாம் இவர்களுக்கு விரல் நுனியில். நீங்கள் கூப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கும் சத்தம் எப்படியோ காதில் விழுந்து, வாசலில் வந்து நிற்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் என் மனைவியின் தம்பி. டைல்ஸ் கடையில் ஸ்டோர் கணக்குப் பார்க்கிறார். அவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. ஒரு முத்திரையும் படாமல், வாங்கிய அன்றைய பளபளப்போடு பீரோவில் இருக்கிறது.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. முதல் விமானப் பயணம், தனியாக. காலையில் இறங்கியதும் நேரே தேர்வு. மருத்துவமனையே கார் அனுப்பும். எந்த வாசலில் நிற்கிறேன் என்று டிரைவர் அவள் போனுக்குச் செய்தி அனுப்புவார். செய்தி வந்தால்தான் கார், கார் வந்தால்தான் தேர்வு. இத்தனை வருடம் பிறர் முழங்காலை மடக்கி நீட்டி அவள் சம்பாதித்த பெயரெல்லாம் கடைசியில் ஒரு போன் இணைப்பில் வந்து தொங்கியது.

"அக்கா, நீ டென்ஷனே ஆவாத. இ-சிம் போட்டுடலாம்" என்றார் மைத்துனர்.

அன்று ஆரம்பித்தது. ஒரு வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. எந்தக் கம்பெனி எத்தனை ஜிபி, அது எத்தனை நாளுக்கு, முடிந்தால் வேகம் குறையுமா அடியோடு நிற்குமா, ஒரு நாட்டுக்கு மட்டும் வாங்குவதா அக்கம்பக்கத்து நாடுகளையும் சேர்த்து வாங்குவதா, அவள் அந்த அக்கம்பக்கத்துக்குப் போகப்போவதில்லை என்றாலும் விமானம் திசைமாறி அங்கே இறங்கினால் என்ன செய்வது என்று மனிதர் ராத்திரி பகலாக ஆராய்ந்தார். போன் செய்து சந்தேகம் கேட்க ஆளில்லாத கம்பெனி வேண்டாம் என்றார். ஆள் இருந்த கம்பெனிக்கு போன் செய்து, அந்த ஆளுக்கே பாடம் நடத்தினார்.

"அது சரி, சிம் எங்கடா?" என்று கேட்டாள் என் மனைவி.

"அது கண்ணுக்குத் தெரியாதுக்கா. போனுக்குள்ளயே இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியாதத எப்படிடா நம்புறது?"

"என்னை நம்பு. நான் தெரியறேன்ல?"

ஒருவழியாகப் புறப்படும் நாள் மாலை, டாக்சி வாசலுக்கு வருகிற நேரத்தில், வாங்கி முடித்தார். கியூஆர் கோடு அவள் மெயிலுக்கு வந்தது. அதே போனில் வந்த கியூஆரை அதே போன் எப்படிப் படம் பிடிக்கும்? முகத்துக்கு முன்னால் கண்ணாடி பிடிக்கவா முடியும்? "எனக்கு ஃபார்வர்டு பண்ணு" என்றார். அதுவரை சரிதான். தன் போனில் அந்த கியூஆரைத் திறந்து அவள் போனுக்குக் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நிபுணர் என்றால் சும்மாவா? இரண்டு நிமிடம் பால்கனிப் பக்கம் போனார். திரும்பி வந்து காட்டினார். அவள் போன் என்னவோ சொன்னது. அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சட்டென்று போனை அணைத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஆயிடுச்சாடா?"

"ஆயிடுச்சுக்கா. அங்க போய் இறங்கினதும் தானா வரும்."

டாக்சி ஹாரன் அடித்தது. நானும் அவளும் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலை அவள் இறங்கும் நேரம் வந்தது, போனது. செய்தி இல்லை. மைத்துனர் முன்கூட்டியே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார். எனக்கு அதுவே பயமாக இருந்தது. கை கழுவ அவர் எழுந்துபோன நேரம், மேஜைமேல் அவர் போன் திறந்து கிடந்தது. அதில் இரண்டு இணைப்புகள். ஒன்று அவருடையது. இன்னொன்றின் பெயர் 'அக்கா ஃபாரின்'.

"மாப்ளே, இது என்ன?"

"அது... வேலை செய்யுதான்னு என் போன்ல ஒரு தடவை டெஸ்ட் பண்ணேன் அத்தான். ஒரு தடவை போட்டா வேற போன்ல ஏறாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

ஒரு வாரமாக இ-சிம், இ-சிம் என்று அளந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இன்னொன்று வாங்கியிருக்கலாமே? தாராளமாக வாங்கியிருக்கலாம். ஆனால் இன்னொன்று வாங்கினால் முதலாவது என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமே! அதைவிட அக்காவை அந்நிய ஊரில் திண்டாட விடுவது இந்த இனத்துக்குச் சுலபம். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். தெரியாத ஊரில், ஏதோ ஒரு வாசலில், செத்த போனைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள். வீடியோவில். பின்னால் மருத்துவமனைச் சுவர், முன்னால் வாயெல்லாம் பல்.

"எடுத்துக்கிட்டாங்க! அடுத்த மாசமே சேரச் சொல்றாங்க. கார்ல படிச்சுக்கிட்டே போனேன், மெசேஜ் போடவே தோணலைங்க, சாரி. தம்பி இருக்கானா? டேய், நீ போட்டுக் குடுத்த சிம் பிரமாதமா வேலை செய்யுதுடா!"

மைத்துனர் மேஜைமேல் இருந்த தன் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு முதுகு நிமிர்ந்தது.

"நான்தான் சொன்னேனேக்கா, தானா வரும்னு. ஆரம்பத்துல கொஞ்சம் லேட்டா புடிக்கும். புடிச்சுட்டா அப்புறம் நின்னு வேலை செய்யும்."

சொல்லிவிட்டு, அடுத்த மாதத்துக்கு எத்தனை கிலோ பெட்டி என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

அவள் ஊர் திரும்பிய பிறகு தனியாக இருக்கும்போது, அந்த சிம் எப்படி வேலை செய்தது என்று கேட்டேன். சிரித்தாள்.

"அவன் மூஞ்சியப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. டாக்சில போகும்போதே வேற ஒண்ணு வாங்கி, கியூஆர் இல்லாம கம்பெனி ஆப்லயே நானே போட்டுக்கிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. நீங்கதான் முன் சீட்ல உக்காந்து டிரைவருக்கு வழி சொல்லிக்கிட்டிருந்தீங்களே."

"அப்ப அவன்கிட்ட எதுக்குடி அப்படி ஒரு பொய்?"

"பாவம், ஒரு வாரம் கண்ணு முழிச்சிருக்கான். மனசு கஷ்டப்படும்ல? நீங்க சரிபண்ணின சமையலறைக் குழாய் இப்பச் சொட்டவே இல்லைன்னு நான் சொல்றதில்ல? அது மாதிரிதான்."

எழுந்துபோய்ப் பார்த்தேன். குழாயைச் சுற்றி ஒரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது. துணியின் நுனியிலிருந்து சத்தமில்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த இனம் ஏன் பெருகிக்கொண்டே போகிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. நல்ல மனதுக்காரர்கள்தான் அதை ஊட்டி வளர்க்கிறார்கள். ஆகையால், என் மைத்துனரை நினைத்து இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த அன்பரே, ஒன்று கேட்கிறேன். நீங்கள் யாருக்காவது எதையாவது போட்டுக் கொடுத்து, பூட்டிக் கொடுத்து, சரிசெய்து கொடுத்திருப்பீர்கள். 'நீங்க பண்ணிக் குடுத்தது ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க' என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்னபோது அவர்கள் குரல் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இனித்ததா?