வடக்குச் சுவரில் ஈரம்

இரண்டாவது டாங்கியை யாரையும் கழுவ விடுவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். முதல் டாங்கியை என் அப்பா கழுவிவிட்டார்.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். டாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை, உள்ளங்கையில் உட்காரும் பிளாஸ்டிக் ராணுவ டாங்கி. பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். ஒட்டி முடிக்க ஒரு வாரம். பச்சை அடிக்க ஒரு நாள். அதன் பிறகு அதை அழுக்காக்க மூன்று மாதம். அழுக்காக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. சண்டைக்குப் போய்த் திரும்பிய வண்டி மாதிரி தெரிய வேண்டும். ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில் பஞ்சால் ஒற்றி ஒற்றி, பெயின்ட் உதிர்ந்த மாதிரி காட்ட வேண்டும். ஆணித் தலைகளுக்குக் கீழே துரு வழிந்திருக்க வேண்டும். சக்கரத்தில் சேறு அப்பியிருக்க வேண்டும். மேலே போகப் போக அது வெறும் தூசியாக வேண்டும். எந்த அழுக்குக்கும் ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாவிட்டால் அது வெறும் அழுக்கு.

என் அப்பா லாரி கழுவுகிறவர். முப்பது வருஷம் சக்கரத்துச் சேற்றைக் கழுவித்தான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. அந்தப் பட்டதாரி உட்கார்ந்து சக்கரத்துக்குச் சேறு பூசுகிறான் என்பதை அவரிடம் விளக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள், நான் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள், பழைய பல் பிரஷ்ஷால் அடிவயிறு வரை தேய்த்து, டாங்கியை வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"கேக்க ஆளில்லாம கிடந்துச்சுப்பா. இப்பப் பாரு" என்றார்.

பார்த்தேன். மூன்று மாதம் போயிருந்தது. ரொம்ப நன்றிப்பா என்றேன்.

அதனால்தான் எனக்குச் சின்ன அறை தேவைப்பட்டது. எங்கள் வாடகை வீட்டில் ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, ஒரு சமையலறை. சின்ன அறைக்குக் கதவு உண்டு, கதவுக்குப் பூட்டு உண்டு. வடக்குச் சுவரை ஒட்டி என் மேஜை. அதன்மேல் இரண்டாவது டாங்கி. மாதக் கடைசிச் சனிக்கிழமை, இந்த மாதிரிப் பொம்மை வண்டிகளுக்கு ஒரு கண்காட்சி. முதல் முறையாகப் பெயர் கொடுத்திருந்தேன். துரு முடிந்துவிட்டது, சேறு பாக்கி.

அந்த நேரத்தில்தான் என் மனைவி, சட்டை மடித்துக்கொண்டே, அவள் அம்மா இரண்டு மாதம் வந்து இருக்கப்போவதாகச் சொன்னாள்.

"எங்க படுப்பாங்க?" என்றேன்.

"சின்ன ரூம்லதான். வேற எங்க, மாடிப்படியிலயா?"

என் மாமியார் மிகவும் நல்லவர். ஆனால் விடியும்போதே எழுந்து, கண்ணில் படுவதையெல்லாம் துடைக்கிறவர். என் அப்பாவாவது பிரஷ்ஷோடு நிறுத்திக்கொண்டார். அத்தை சோப்புத்தூள் போடுவார்.

யோசித்தேன். அத்தைக்கு மூச்சிரைப்பு உண்டு. ஈரச் சுவர் ஆகவே ஆகாது. நாலு தெரு தள்ளி மனைவியின் அக்கா வீடு இருக்கிறது; நல்ல காய்ந்த வீடு. ஒரு சுவரில் ஈரம் மட்டும் இருந்துவிட்டால் போதும். எங்கள் சுவரில் ஈரம் இல்லை. அது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் அனுப்பும் சேதப் படங்களில் எது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எனவே இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் சனிக்கிழமை. மனைவி கடைக்குப் போனாள். கதவைப் பூட்டிக்கொண்டேன்.

முதலில் தின்னரில் கரைத்த இளம்பழுப்பு, கூரையோரத்திலிருந்து கீழ்நோக்கி. விளிம்பு மட்டும் அடர்த்தியாக. ஈரம் காயும்போது ஓரத்தில்தான் கறை சேரும். நடுவில் பஞ்சால் ஒற்றிய பூஞ்சைக் கறுப்பு. பழைய ஆணி ஒன்றின் கீழே இரண்டு விரல் நீளத்துக்குத் துரு. மூன்று மணி நேரம் ஆனது. தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே லேசாக இருமல் வந்தது.

பிறகு வழக்கம்போல நோட்டில் எழுதினேன். படித்த நாளிலிருந்து எதையும் எழுதி வைக்கிற பழக்கம். இடம், நிறம், காரணம், தேதி என்று நான்கு கட்டம் போட்டிருப்பேன். இடம்: வடக்குச் சுவர். நிறம்: பழுப்பு ஒரு பங்கு, தின்னர் ஒன்பது பங்கு. காரணம்: மொட்டை மாடியில் விரிசல். தேதியும் போட்டேன்.

மனைவி வந்து சுவரை வெகுநேரம் பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலை முகர்ந்தாள்.

"எப்பலேர்ந்துங்க இது?"

"இப்பதான் கவனிச்சேன். அத்தைக்கு இது ஒத்துக்காதே. பேசாம அக்கா வீட்டுல..."

"ஆமா, பாவம்" என்றாள். அவ்வளவுதான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வந்து நின்றார். கூடவே ஒரு பிளம்பர். மனைவிதான் போன் செய்து வரவழைத்திருக்கிறாள். இந்த மனிதரிடம் அவள் மூன்று வருஷமாகப் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லிக் கேட்கிறாள். சுவர் நல்லாத்தானே இருக்கு என்பது ஒவ்வொரு முறையும் அவர் பதில். இந்த முறை அவர் சுவரை நெருங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

பிளம்பர் சுவரை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"இது இன்னிக்கு நேத்து வந்த ஈரம் இல்ல சார். நாலு வருஷம் இருக்கும். மாடியில விரிசல் இருக்கு, அங்கேர்ந்து இறங்குது."

மூன்று மணி நேர வேலைக்கு நாலு வருஷம். வெட்கத்துக்கு நடுவில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிளம்பர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை, அதுதான் ஆபத்தான விரிசல் என்றார்.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "நாலு வருஷமா இதுல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி."

எனக்குத் தாங்கவில்லை. "சார், உண்மையில ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"அவருக்கு யார்கிட்டயும் குறை சொல்லத் தெரியாது சார். எதையும் மனசுலயே வச்சிக்குவார்" என்றாள் மனைவி. வீட்டுக்காரர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் கைப்பையிலிருந்து பெயின்ட் நிற அட்டை ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். இளமஞ்சளில் ஏற்கெனவே பேனாவால் வட்டம் போட்டிருந்தது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை என் மேஜையைத் தூக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். டாங்கி செருப்புப் பெட்டிக்குள் போய், பெட்டி பரண் ஏறியது. கண்காட்சிக்குள் சேறு பூசிவிடலாம் என்று தேற்றிக்கொண்டேன். பெயின்டர் சுவரைச் சுரண்டினார். உள்ளே எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. பிளம்பரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, ஆள் வருவது தெரிந்தால் ஈரம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

வெள்ளிக்கிழமை அத்தை வந்தார். இளமஞ்சள் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எனக்காகவா மாப்பிள்ளை இவ்வளவும்?" என்று கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆமாங்க அத்தை" என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

மறுநாள் மாலை வரை பொறுத்தேன். பிறகு மனைவியிடமாவது ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஈரம் ஈரமே இல்ல" என்றேன்.

"தெரியும். எந்த ஈரம்ங்க தின்னர் வாசம் அடிக்கும்?" நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "நோட்டையும் அன்னிக்கே பார்த்துட்டேன். நல்லா எழுதியிருக்கீங்க. அடுத்த வரியைப் பாருங்க."

திறந்தேன். என் வரிக்குக் கீழே, நான்கு கட்டங்களையும் மீறாமல், அவள் கையெழுத்து.

இடம்: சமையலறை, ஜன்னலுக்குக் கீழே. நிறம்: அதே பழுப்பு, எண்ணெய்ப் பிசுக்கோடு. காரணம்: மூணு வருஷமா பெயின்ட் அடிக்கலை.

"காரணம் போட்டுட்டேன். இல்லாட்டி வெறும் அழுக்குன்னு சொல்வீங்க" என்றாள்.

நாலாவது கட்டத்தைப் பார்த்தேன். தேதி: மாசக் கடைசி சனிக்கிழமை.