பொரங்காடு சீமைப் பழம்

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இந்தியப் பொருளாதாரத்தைத் தனியாளாகத் தாங்கிப் பிடித்தவர் ஒருவர் உண்டு. அவர் நிதியமைச்சர் அல்ல. ஸ்டிக்கர் அக்கா.

சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. காரமடைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மலையேறியவர் என்பார்கள். நான் வெடிமருந்துத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அவர் கூடைதான். மே மாதம் ப்ளம்ஸ், ஆடி ஆவணியில் பேரிக்காய். மழைக்குத் தலையில் ஒரு யூரியா சாக்கு.

வெளிநாட்டு ஆப்பிள் நம் ஊருக்குத் தாராளமாக வர ஆரம்பித்த புதிது அது. எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட பழக்கடை ஒன்று முளைத்தது. ஆப்பிள் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வலைச்சட்டை, நெற்றியில் ஒரு ஸ்டிக்கர். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு பாந்தமாக நாங்கள் ஸ்வெட்டர் மாட்டிவிட்டதில்லை.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கடையிலிருந்து வெளியே வருகிற பைகளையெல்லாம் சுங்க அதிகாரி மாதிரி கண்ணாலேயே சோதனை போடுவார். ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் ஆபீசரைப் பார்ப்பதற்காக ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி, விரித்த குடையைத் தாழ்த்திப் பையை மறைத்துக்கொண்டு நழுவினேன்.

“ஏனுங்க சார், யாருக்கு மேலுக்குச் சொகமில்லீங்க?” பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது.

“ஆபீசருக்குங்க அக்கா.”

“நல்ல மனுசனுங்களா?”

“சுமார்தானுங்க.”

“அப்பச் செரி, ஆப்பிளே குடுங்க. எந்திரிச்சு வரோணும்னா பேரிக்கா கொண்டுட்டுப் போங்க.”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நாலு பேர் சிரித்தால் அக்காவுக்குப் பிரசங்கம் வந்துவிடும்.

“மானம் கப்பலேறுதும்பாங்க, இங்க நம்ம காசு கப்பலேறுதுங்க! எங்கிட்ட ஒரு நோட்டுக் குடுத்தீங்கன்னா அது எங்க போகும்? பாதி கோத்தகிரித் தோட்டத்துக்குப் போகும். மீதியில நான் அரிசி பருப்பு வாங்குவேன். மளிகைக்காரரு டெய்லருகிட்டச் சட்டை தெக்கக் குடுப்பாரு. அந்த டெய்லரு உங்க ஊட்டுக்குப் பக்கத்துலதான் குடியிருக்காரு. சுத்திச் சுத்தி உங்க தெருவுக்கே வந்துருமுங்க. ஆப்பிளுக்குக் குடுக்கறது? கடைக்காரருக்குக் கொஞ்சம் நிக்கும், இல்லீன்னு சொல்லல. மிச்சமெல்லாம் ஒரே போக்கு. போன எடத்துல இருந்து ஒரு கடுதாசிகூடப் போடாதுங்க!”

படித்தவர்களான நாங்கள் நன்றாகத் தலையாட்டினோம். தலையாட்டிவிட்டு ஆப்பிள் வாங்கினோம். அடுத்த ஆடிக்குள் அக்காவின் கூடை, வந்த கனத்தோடு வீடு திரும்ப ஆரம்பித்தது.

அவருக்குக் காய் கொடுத்துவந்தவர் நஞ்சன் என்கிற படுகர் விவசாயி. கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் நிலம், அதில் எட்டுப் பேரி மரம். ஒரு மழை நாளில் அவரே நேரில் வந்தார்.

“அடுத்த வாரம் மரத்தை வெட்டறேன் அக்கா. பறிக்கிற கூலிகூடத் தேறல. தேயிலை வெச்சுரலாம்.”

“எட்டையுமா?”

“எட்டையும்தான்.”

அக்கா எதிர்ச்சாரிக் கண்ணாடிக் கடையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “ஒரு வாரம் பொறுங்க நஞ்சண்ணா” என்றார்.

மறுநாள் சாயங்காலம் இறங்கிப் பார்த்தால், கூடையில் இருந்த பேரிக்காய் அத்தனைக்கும் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு! வளைகாப்புக்கு வந்த சுமங்கலிகள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்ட கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குனிந்தார்.

“இது என்னங்க, ஃபாரின் பழமா?”

“சீமைப் பழமுங்க.”

“எந்தச் சீமை?”

“பொரங்காடு சீமை.”

இதில் துளிப் பொய் கிடையாது. படுகர்கள் இந்த மலையை நான்கு சீமைகளாகச் சொல்வார்கள்; கோத்தகிரிப் பக்கம் பொரங்காடு சீமை. ஆனால் அவர் காதில் அது எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிற தேசமாக விழுந்தது.

“அங்க நல்ல குளிருங்களா?”

“ஐயோ, எலும்புக்குள்ள போகுமுங்க.”

மூன்று கிலோ!

ஸ்டிக்கர் அக்கா என்ற பட்டம் அன்று கிடைத்ததுதான். நஞ்சன் அந்த வாரம் கோடரிக்குப் பதிலாகக் கூடையை எடுத்துக்கொண்டு மரமேறினார். இரண்டாவது வாரம் கண்ணாடிக் கடை முதலாளியே குடை பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

“அக்கா, வர்றவங்க எல்லாரும் பொரங்காடு பழம் கேக்கறாங்க. எந்தத் துறைமுகத்துல எறங்குதுங்க? ஏஜென்ட் யாரு?”

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். அக்கா அவரைக் கொச்சித் துறைமுகத்துக்கு பஸ் ஏற்றிவிடப்போகிறார் என்று காத்திருந்தேன். அக்கா ஒரு காயை எடுத்துப் பொட்டை உரித்தார், முந்தானையில் துடைத்தார். “தின்னுங்க” என்று நீட்டினார்.

முதலாளி கடித்தார். மென்றார். முகம் மாறியது. “அட, இது நம்ம கோத்தகிரிப் பேரிக்காயில்லீங்க?”

“ஆமாங்க. ஏஜென்ட் பேரு நஞ்சன். நாளைக்குக் காலைல வருவாரு. எட்டு மரத்துக் காயும் எடுத்துக்குவீங்களா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். எடுத்துக்கொண்டார்.

எனக்குத்தான் ஆறவில்லை. “ஏனுங்க அக்கா, உங்க பொழப்பை நீங்களே தூக்கிக் குடுத்துட்டீங்களே?”

“நான் ஒருத்தி எத்தன வித்துருவேனுங்க? மரம் நிக்கோணுமில்ல. அதுமில்லாம, பொட்டு வெச்சு விக்கறது எனக்கே கூச்சமா இருந்துச்சுங்க சார். ஒரு கூடை வித்தா எனக்குப் போதும்.”

சொல்லிவிட்டுச் சாக்கை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். எதிரே கண்ணாடிக்குப் பின்னால் பேரிக்காய்கள் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. கூட்டம் அங்கேதான் நின்றது.

எங்கள் வீட்டில் பேரிக்காய் யாருக்கும் பிடிக்காது. அந்த சீசன் முழுக்க, வாரம் இரண்டு கிலோ அக்காவிடம் வாங்கிப்போனேன்.