ஆயுத பூஜையும் பதினாறாவது கிலோமீட்டரும்

பக்தி அளவோடு இருக்க வேண்டும். அளக்கிற கருவியின் மேல் இருக்கவே கூடாது. இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு வேலையைப் பணயம் வைத்தேன்.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே ஒரு வானிலை ஆய்வுக்கூடத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தேன். (நிரந்தர உத்தியோகம் என்று எங்கள் ஊர் நகரி முழுக்க என் நைனா சொல்லிவிட்டிருந்தார்.) தினமும் மாலையில் பலூனில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கட்டிப் பறக்கவிடுவோம். அதன் முனையிலுள்ள மெல்லிய தகடு, மேலே ஈரப்பதம் எவ்வளவு என்று அனுப்பிக்கொண்டே போகும். அன்று ஆயுத பூஜை. சிலிண்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த நான், இதை மட்டும் விடுவானேன் என்று அந்தத் தகட்டிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தேன்.

வெளியே துளி மேகமில்லை. திரையில் ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு. மேலே போகப் போகக் குறைய வேண்டும். குறையவில்லை. பத்து கிலோமீட்டரில் தொண்ணூற்றெட்டு. பதினாறிலும் அதே தொண்ணூற்றெட்டு. ஈரப்புடவையோடு யாரோ பலூனைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறுகிற மாதிரி இருந்தது. மேலதிகாரி மேடம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்போதுதான் என் விரலில் காய்ந்திருந்த சந்தனம் கண்ணில் பட்டது. உண்மையைச் சொன்னேன்.

"ஏமய்யா, அந்தப் பெட்டியைக் கொண்டா. லேகபோதே, இல்லேன்னா, நாளன்னிலேர்ந்து வராதே" என்றார் மேடம்.

மறுநாள் காலை, பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து வெதுருகுப்பத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். ஓடினேன். வேர்க்கடலைக் கொல்லையில் ஆளே இல்லை. பிடுங்கிய செடிகள் பாதியில் கிடந்தன. கிழிந்த பலூன் வேப்பமரத்தில் வெள்ளையாய்த் தொங்க, காற்றே இல்லாமல் பெட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, குங்குமத்தோடு. வரப்புக்கு அந்தப் பக்கம் விவசாயியின் குடும்பமே ஒதுங்கி நின்றது. வைத்தவன் நான்தான் என்று தெரிந்தும், சத்தியமாக எனக்கே பயம் வந்துவிட்டது.

செய்வினை இல்லை, சாமிப் பொட்டு என்று சொல்லிப் பார்த்தேன். விவசாயி அசையவில்லை.

"நீ வெச்சதுதான்னா அத்தத் துன்னு காட்டு. அப்பறம் எடுத்துக்கினு போ."

வேலை வேண்டுமே. சுரண்டித் தின்றேன். வானத்தைப் பார்த்துவிட்டு வந்த சந்தனம் தொண்டையில் இறங்க மறுத்தது. அவருடைய மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடினாள்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் பெட்டியை மேஜைமேல் வைத்தேன். மேடம் அதைத் தொடாமலே சரி என்றார். வேலை தப்பியது.

சொம்பை வரப்பில் வைத்துவிட்டு ஓடிய அந்தப் பெண்ணைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் இன்றைக்கும் சொல்கிறாள்:

"பொண்ணு பாக்க வந்தா எல்லாரும் பஜ்ஜி துன்னுவாங்க. இவரு செய்வினை துன்னாரு."