பெனால்ட்டி அண்ணை அடிக்காத பந்து

வாக்குவாதத்தில் பெனால்ட்டி அண்ணையை வென்ற மனிதர் ரொறன்ரோவிலிருந்து ஒஷாவா வரைக்கும் ஒருவர்கூட இல்லை. சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். “ஆர் சொன்னது?” என்று கேட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கும் தெரியாது. கேட்டால் அதற்கும் ஒரு வாக்குவாதம் வரும் என்று விட்டுவிட்டேன்.

பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய வாய்தான். ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி உதைபந்தாட்ட அணிக்கு அவர் கப்டன். அந்தச் சீசனில் அவர்கள் ஒரு மட்ச்சிலும் தோற்கவில்லை. அவர் சொல்வதைக் கேட்டால், எதிரணிகள் மைதானத்துக்கு வந்ததே கும்பிட்டுவிட்டுப் போகத்தான். இறுதி ஆட்டம் பக்கத்துக் கல்லூரியோடு. இரண்டு பக்கமும் கோல் இல்லை. பொழுதுபடுகிற நேரம் பார்த்து இவர்களுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. வேறு யாரென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பான். நம்மவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“பாதர், பந்து ஒரு அடி பின்னுக்குக் கிடக்கு.”

ரெஃபரியாக நின்ற பாதிரியார் கணக்குப் படிப்பிக்கிறவர். விடுவாரா? அளக்கக் கயிறு எடுத்துவர ஆள் அனுப்பினார். கயிறு வந்தது. கயிறு இழுபடுகிறது, அது சரிவராது என்றார் அண்ணை. பழைய மாணவர்கள் வேலி பாய்ந்து வந்து ஆளுக்கொரு பக்கமாக அளந்தார்கள். அளந்து முடிவதற்குள் இருட்டிவிட்டது. ஆட்டம் நின்றது, கோப்பை இரண்டு கல்லூரிக்கும் பொது என்றாகிவிட்டது. சொந்த அணிப் பெடியளே அவரை மன்னிக்கவில்லை. அந்த ஒரு கோலை என்றைக்காவது அடித்துவிட்டால் தன்னால் போன கோப்பை முழுதாக வந்துவிடும் என்று அவர் மனதார நம்பினார்.

அந்தப் பெனால்ட்டியைத் தூக்கிக்கொண்டுதான் மனிதர் கனடா வந்தார். கோப்பிக் கடையில் மேசைகளுக்கு நடுவே நடந்து, பெனால்ட்டித் தூரமான பன்னிரண்டு யார்ட் அளந்து காட்டுவார். அது முடிகிற இடத்தில் யாராவது ஒரு வெள்ளைக்காரர் டோனட்டும் கையுமாக முழித்துக்கொண்டிருப்பார். றிச்மண்ட் ஹில் கோயிலில் அர்ச்சனைத் தேங்காயைக் கார் பார்க்கில் பந்தாக வைத்து விளங்கப்படுத்தப் போய், அது யாரோ ஒருவரின் புதுக் காருக்குக் கீழே உருண்டது. முழங்கால் சத்திரசிகிச்சை செய்த டொக்டர் எப்போது நடக்கலாம் என்று விளக்க, அண்ணை இடைமறித்தார். “நடக்கிறது கிடக்கட்டும். உதைக்கேலுமோ?”

போன வருடம் ஒரு செய்தி வந்தது. அன்று எதிரணிக்குக் கோல் காத்த கோலி, பக்கத்து ஊரான விட்பியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அண்ணை உடனே போன் எடுத்தார்.

“டேய், ஒரு பெனால்ட்டி மிச்சம் கிடக்கு. வாறியோ?”

“வாறன். ஆனா உன்ர அடியை ஒற்றைக் கையால பிடிப்பன்.”

கோடையில் இரண்டு கல்லூரிப் பழைய மாணவர்களும் ஸ்காபரோப் பூங்கா ஒன்றில் கூடினோம். ரெஃபரி நான். கோலி ஆடிமாத வெயிலில் பனிக்காலத்து கம்பளிக் கையுறைகளோடு வந்து இறங்கினார். அவருடைய மகள் அண்ணையை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

“அங்கிள், அம்மா மோசம் போனாப்பிறகு அப்பா ரூமை விட்டு வெளிக்கிடவே இல்லை. நீங்கள் போன் எடுத்த நாள் தொட்டுக் கராஜுக்கை பந்து பிடிச்சுப் பழகுறார். ஒழுங்கா சாப்பிடுறார். எங்களோட சண்டைகூடப் பிடிக்கிறார். ஐ கான்ட் பிலீவ் இட்.”

அண்ணை போய்ப் பந்தை வைத்தார். அளக்கவே இல்லை! நான் விசிலை ஊதினேன். அண்ணை உதைத்த பந்து ஆறுதலாக, மெல்ல மெல்ல உருண்டு போனது. கோலி குனியத் தொடங்கினார். அவர் குனிந்து முடிவதற்குள் அது கால்களுக்கு நடுவால் உள்ளே போய்விட்டது. சனம் கத்தியது. அண்ணை இரண்டு கையையும் தூக்கினார், கண்ணால் தண்ணீர் ஓடியது.

“உது செல்லாது! விசில் ஊதேல்லை!” என்றார் கோலி.

நான் ஊதிய ஊதலில் புல்லில் நின்ற வாத்துகளெல்லாம் எழும்பிப் பறந்திருந்தன. அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு கோலியைப் பார்த்தார். கோலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்கு ஆயத்தமாக நின்றார். தூக்கிய கைகளை அண்ணை மெல்லக் கீழே இறக்கினார்.

“ஓமடாப்பா, எனக்கும் கேக்கேல்லை. வாற கோடைக்குத் திருப்பி அடிக்கிறன். அதுவரைக்கும் விடாமல் பழகு.”

காருக்குள் ஏறியதும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“அண்ணை, நான் ஊதினது உங்களுக்குக் கேட்டதெல்லே?”

“விசர்க்கதை கதையாதை. கோல் எண்டு நான் நிண்டிருந்தா, அவன் திரும்பப் போய் ரூமுக்கை படுத்திடுவான்.”

அவரால் சீட் பெல்ட்டைக் கொளுவ முடியவில்லை. நான் எட்டிக் கொளுவிவிட்டேன், அந்தச் சாக்கில் மனிதரை ஒருதரம் இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.