இரண்டு பக்கமும் சான் மார்க்கோ

சுவரில் மஞ்சள் பலகை. அதில் ஊரின் பெரிய சதுக்கமான "சான் மார்க்கோ"வின் பெயரை எழுதி, இடப்பக்கம் ஓர் அம்பும் வலப்பக்கம் ஓர் அம்பும் போட்டிருந்தது.

லோரிஸ் பலகையைப் பார்த்தான். பின்னால் நின்ற ஒலிந்தோ லோரிஸைப் பார்த்தார்.

"இந்தப் பலகையெல்லாம் டூரிஸ்டுக்கு ஐயா," என்றான் லோரிஸ். "வெனிஸ்ல பிறந்தவனுக்குக் காலே வழி சொல்லும்."

கால் இடப்பக்கம் சொன்னது. இருவரும் போனார்கள்.

லோரிஸ் வெனிஸில் பிறந்தது உண்மைதான். ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. மூன்றாம் நாளே அவன் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, அக்கரை ஊரான மெஸ்த்ரேவுக்குப் போய்விட்டாள். முப்பத்து நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறான். குளிர்பதனப் பெட்டி விற்கிறான். ஆனால் மிரெல்லாவைச் சந்தித்த முதல் நாள் "நான் வெனிஸ்காரன்" என்று சொல்லிவிட்டான். சொன்னதைக் காப்பாற்ற எட்டு மாதமாக வெனிஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அந்த மும்முரத்தில், அவள் அப்பா என்ன வேலை பார்த்து ஓய்வு பெற்றார் என்று கேட்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை.

"அப்பா சட்டுனு சரின்னும் சொல்ல மாட்டார், முடியாதுன்னும் சொல்ல மாட்டார்," என்று மிரெல்லா எச்சரித்திருந்தாள். "காலையில ரயில் நிலையத்துல அவரைக் கூட்டிக்கோ. ஊரைச் சுத்திக் காட்டு. ஒரு மணிக்கு நான் சாப்பாட்டுக் கடையில இருப்பேன். அங்க வந்து உட்காரும்போது கல்யாணம் உண்டா இல்லையான்னு சொல்லிடுவார்."

ரயில் நிலையத்தில் லோரிஸ் கையை நீட்டி, "வாங்க மாமா!" என்றான்.

"இன்னும் இல்ல," என்றார் ஒலிந்தோ.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது மணி பதினொன்று.

சந்து குறுகியது. இன்னும் குறுகியது. ஒரு வளைவைத் தாண்டியதும் நான்கு கல்படிகள் கீழே இறங்கி, பச்சைத் தண்ணீருக்குள் போயின. அதற்கு மேல் ஊர் இல்லை.

"இதைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றான் லோரிஸ். "டூரிஸ்டு யாரும் இங்க வர மாட்டான்."

உண்மை. யாரும் வரவில்லை. ஒரு நண்டு மட்டும் இரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தது. ஒலிந்தோ நண்டைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

திரும்பி வந்து ஒரு சின்ன முற்றத்தில் நுழைந்தார்கள். நடுவே கல்கிணறு. மேலே சன்னலுக்குச் சன்னல் கயிறு கட்டி, பருத்த பெண்மணி ஒருத்தி சிவப்புச் சட்டை ஒன்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் துணிக் கிளிப். கீழே பார்த்ததும் கண்ணை அகல விரித்து, கையை வேகமாக ஆட்டினாள்.

லோரிஸுக்கு உயிர் வந்தது. அவனும் கையை ஆட்டினான். "பார்த்தீங்களா ஐயா? எங்க போனாலும் நம்மளைத் தெரிஞ்சவங்கதான்."

பக்கத்து வாசலில் தூங்கிக்கொண்டிருந்த கிழட்டு நாய் ஒரு கண்ணைத் திறந்தது. எழுந்தது. லோரிஸை விட்டுவிட்டு நேராக ஒலிந்தோவின் காற்சட்டையைக் குறிவைத்து உறுமிக்கொண்டு வந்தது. ஒலிந்தோ பதறாமல் நாயின் பக்கம் பாராமலே ஒதுங்கி நடந்தார்.

"இந்த ஊர் நாய்ங்களுக்கு வெளியூர் ஆளுங்கன்னா ஆகாது," என்று லோரிஸ் ஆறுதல் சொன்னான். "மனசுல வச்சுக்காதீங்க."

வழியில் வந்த தேவாலயத்துக்குள் அவரைக் கூட்டிப்போய் ஓர் ஓவியத்தின் முன் நிறுத்திவிட்டு, லோரிஸ் தூணுக்குப் பின்னால் பதுங்கி செல்போனில் வரைபடத்தைத் திறந்தான். நீலப் புள்ளி கொஞ்சம் சுற்றியது. பிறகு, அவன் ஒரு கால்வாயின் நடுவில் நிற்பதாகச் சொன்னது. அவன் குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

வெளியே மீன் கடைக்காரரிடம், ஒலிந்தோ காதில் விழாதபடி, "சான் மார்க்கோ?" என்று கிசுகிசுத்தான்.

"நேராப் போங்க."

"நேரா சுவர் இருக்கே!"

"அதைத் தாண்டி நேரா."

அடுத்த பாலத்தில் ஒரு பெண்ணைக் கேட்டான். "நேரா." முடிதிருத்துபவரைக் கேட்டான். "நேரேதான் தம்பி, எங்கயும் திரும்பாதீங்க." ஐந்து தடவை திரும்பாமல் அந்தத் தெருவில் ஐம்பது அடிகூடப் போக முடியாது.

பாலத்துக்கு அடியில் காய்கறிப் படகு போனது. படகுக்காரன் தலைநிமிர்ந்து, "ஓய்! உயிரோடதான் இருக்கியா?" என்று கத்தினான்.

"இருக்கேன்! இருக்கேன்!" என்று லோரிஸ் பதிலுக்குக் கத்தினான். பிறகு ஒலிந்தோவிடம், "சின்ன வயசு சிநேகிதன்," என்றான். படகுக்காரனுக்கு எழுபது வயதிருக்கும்.

படகுத்துறை ஒன்று தென்பட்டதும் லோரிஸ் புது முடிவுக்கு வந்தான். "நடந்தது போதும். தண்ணியிலேருந்து பார்த்தாத்தான் வெனிஸ்." நீர்ப்பேருந்து வந்தது. ஏறினார்கள். அது கம்பீரமாக எதிர்த்திசையில் கிளம்பியது. பத்து நிமிடத்தில் ஒரு பெரிய கட்டடம் நெருங்கி வந்தது. காலையில் ஒலிந்தோவின் கையைக் குலுக்கிய அதே ரயில் நிலையம்.

ஒலிந்தோ நிலையத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால்.

"நாம கிளம்பின இடத்தை இந்தப் பக்கத்துலேருந்தும் பார்க்கணும் இல்லையா," என்றான் லோரிஸ். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

மறுபடி நடை. ஒன்றேகாலுக்கு மிரெல்லா கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான்."

"எதுக்குப் பக்கத்துல?"

லோரிஸ் சுற்றிப் பார்த்தான். மேலே கயிற்றில் சிவப்புச் சட்டை தொங்கியது. சன்னலில் அந்தப் பெண்மணி அவர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். நாய் எழுந்தது.

"ஒரு சட்டைக்குப் பக்கத்துல."

"உளறாத. கடை முகவரி அனுப்பிச்சேனே, காஸ்தெல்லோ பகுதி, நாலாயிரத்து நானூத்து எழுபத்தொண்ணு. யாரையாவது வழி கேளு."

"வெனிஸ்காரன் வழி கேப்பானா மிரெல்லா?"

"அப்பா ஏதாவது பேசினாரா?"

"இல்ல. சும்மா கூடவே வர்றார்."

"ஐயோ லோரிஸ்," என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே ஓடினான். 4468. 4469. 4470. நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கதவு 4503. அதற்கடுத்தது 4390. எதிரே தையற்கடையில் எண்ணே இல்லை. அப்போது ஒலிந்தோவின் வலது கை மெல்ல உயர்ந்து, ஓர் இருட்டு வளைவைச் சுட்டப் போவதுபோல் இருந்தது. லோரிஸ் திரும்பியதும் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"இந்தப் பக்கம் ஐயா!" என்று லோரிஸ் அதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தான்.

இரண்டு பாலம், மூன்று சந்து, ஒரு திருப்பம். கல்கிணறு. சிவப்புச் சட்டை முக்கால்வாசி காய்ந்திருந்தது.

லோரிஸ் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டான். கால் இனி எதுவும் சொல்வதாக இல்லை. ஒலிந்தோ எதிரே நின்றார். எங்கோ தேவாலய மணி ஒன்றரை அடித்தது.

"எனக்கு வழி தெரியல ஐயா," என்றான் லோரிஸ். "காலையிலேருந்தே தெரியல. இங்க பிறந்தேன், அவ்வளவுதான். மூணாம் நாளே போயிட்டேன். நான் மெஸ்த்ரேக்காரன். அந்தப் படகுக்காரன் யாருன்னே தெரியாது. மேல இருக்கற அம்மா எதுக்குக் கை ஆட்டறாங்கன்னும் தெரியாது. நாயை மட்டும்தான் நல்லாத் தெரியும், இது மூணாவது தடவை."

ஒலிந்தோ வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"இப்ப கூப்பிடலாம்," என்றார்.

"என்னன்னு ஐயா?"

"மாமான்னு."

லோரிஸ் சந்தோஷத்தில் எழுந்தான். எழுந்ததும்தான் இன்னும் தொலைந்துபோய்த்தான் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

"சரி மாமா... ஆனா இப்ப நாம யாரைத்தான் வழி கேக்கறது?"

மேலே சன்னல் படாரென்று திறந்தது. பெண்மணி சிவப்புச் சட்டையை ஒதுக்கிக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"என்ன தபால்காரரே, வேலையை விட்டு நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க, மூணு தடவை வாசலைத் தாண்டிப் போயிட்டீங்க, எனக்கு ஒரு கடுதாசிகூடவா இல்ல?"