பனம்பாத்திக்குக் கீழே இரண்டு மூடை அரிசி

நான் வேண்டுமென்றே விட்ட ஜும்மாத் தொழுகை என் ஆயுளில் ஒன்றே ஒன்றுதான். கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொன்னேன். உண்மையில் அந்த நேரம் வீட்டுப் பின்வளவில் குழி வெட்டிக்கொண்டிருந்தேன்.

யப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, கப்பலில் வந்த அரிசி நின்றுபோன காலம் அது. மன்னார்த் தீவில் எங்கள் ஊரில் மணல் உண்டு, மீன் உண்டு, பனை உண்டு. நெல் மட்டும் ஒரு கதிர்கூட விளையாது. அரசாங்கம் அளந்து கொடுக்கும் கூப்பன் அரிசி வந்தது. வந்தது என்பதைவிட, எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்பதே சரி. வீட்டில் அளவுக்கு மிஞ்சி அரிசி வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஊர்த் தலைமைக்காரர் விதானையார் வேறு வீடு வீடாகச் சொல்லிப் போயிருந்தார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கருவாட்டு வியாபாரம். மனைவி ஜெமீலாவுக்கு ஆறாம் மாதம். முன்யோசனை என்ற ஒன்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பியிருந்தேன். (அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை; இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன்.) உயிலங்குளத்தில் வயல் செய்கிற பழக்கக்காரர் ஒருவர் கருவாட்டுக்கு மாற்றாக இரண்டு மூடை புழுங்கலரிசி தந்தார். வைக்கோல் வண்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். வழி முழுக்க மாடுகளைவிட எனக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது.

எங்கே ஒளிப்பது? கட்டிலுக்குக் கீழே என்றால் வருகிறவன் முதலில் குனிவதே அங்கேதான். அப்போதுதான் பனம்பாத்தி நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் மணலைக் குவித்து, பனங்கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மண்ணால் மூடிவிடுவோம். மாரி முடியும்போது கீழே கிழங்கு இறங்கியிருக்கும். அதுவரை ஒருவரும் பாத்தியில் கை வைக்கமாட்டார்கள். அரிசியைக் கீழே தாட்டு, அதாவது புதைத்து, அதன்மேல் பாத்தி போட்டால் எந்தத் துரை வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அன்று என் முதுகில் நானே தட்டிக்கொள்ளாதது கை எட்டாததால்தான்.

ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலுக்குள் இருக்கும் நேரம் வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஒன்றுதான். முழங்கால் ஆழத்துக்கு மேல் வெட்டினால் எங்கள் மண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் அவ்வளவோடு நிறுத்தி, மூடைகளை வள்ளத்தின் பழைய பாய்ச்சீலையில் சுற்றி இறக்கி, மேலே மணல் குவித்துக் கொட்டைகளை அடுக்கினேன்.

வேலை முடிகிற நேரம் பக்கத்து வளவுச் சேகு காக்கா வேலியருகே நின்றார். வள்ளக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தொழுகையில் என்னைக் காணவில்லை, காய்ச்சலாம் என்று கேள்விப்பட்டு, கையில் கொத்தமல்லித் தண்ணீரோடு வந்திருந்தார். காய்ச்சல்காரனோ தலைமுதல் கால்வரை மணலோடு, மண்வெட்டியும் கையுமாக நின்றான். வேலை செய்தால் வியர்த்து இறங்கும் என்று யாரோ சொன்னதாக உளறினேன். அவர் என்னையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த காய்ச்சலுக்கு என்ர வளவிலயும் ஒண்டு போட்டுத் தா, தம்பி" என்றார்.

மாரி வந்தது. கடல் கொதித்து வள்ளங்கள் கரையேறின. கூப்பன் கடை திறந்த நாட்களைவிடப் பூட்டிக் கிடந்த நாட்கள்தான் அதிகம். ஊரில் வீட்டுக்கு ஒருவர் மலேரியாவில் நடுங்கினார்கள். ஜெமீலா ஒரு மூடையை எடுப்போமே என்றாள்.

"இதைவிட மோசமான காலம் வரும். அதுக்குத்தான் வைச்சிருக்கிறம்" என்றேன்.

அடுத்த கிழமை காலம் இன்னும் மோசமானது. நானோ அதைவிட மோசமான ஒன்றுக்காகக் காத்திருந்தேன். மகன் பிறந்தான். பட்டினி கிடந்த தாயிடம் பால் போதவில்லை. முதலில் வீரிட்டு அழுதான், பிறகு முனகினான். அப்போதும் நான் கஷ்டத்தின் அளவை எடைபோட்டுக்கொண்டுதான் இருந்தேன். கஷ்டம் இன்னும் போதாது என்று எனக்குப் பட்டது.

அந்த நாட்களில் ஒரு காலை சேகு காக்கா படலையடியில் வந்து நின்றார். அவருடைய மகள் மைமூனுக்கு ஆறு வயது. காய்ச்சல் விட்டும் எழும்ப மாட்டாமல் கிடந்தாள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு சுண்டு அரிசி இருக்கோ?"

கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். நாளைக்கு ஊர் வரும், நாளையன்றைக்கு விதானையார் வருவார். என் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் இரண்டு மூடை அரிசி.

"இல்லைக் காக்கா" என்றேன்.

"ஓம், உன்ர வீட்டிலயும் பச்சைப் பிள்ளை" என்று அவரே என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிய வாசலில் இரண்டு மீன் கிடந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கட்டாம் என்று சேகு காக்கா வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கடலில் எப்படிப் பிடித்தாரோ தெரியாது. ஜெமீலா மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாற்பது நாள் முடியாதவள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் பாத்தியை நோக்கி நடந்தாள். நான் "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

முதலில் நாற்றம்தான் வெளியே வந்தது.

மேலிருந்து விழுகிற மழைக்குப் பாய்ச்சீலை சுற்றிய அறிவாளி, கீழிருந்து ஊறி ஏறும் தண்ணீரை மறந்துவிட்டேன். மிச்ச வேலையைக் கிழங்கு பார்த்துக்கொண்டது. கிழங்கு கீழ்நோக்கித்தான் போகும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சீலையைத் துளைத்து, சாக்கைத் துளைத்து நேரே அரிசிக்குள் இறங்கியிருந்தது. நடுவில் பிடுங்கிய ஒவ்வொரு கிழங்கும் நுனியில் கறுத்து நாறும் ஓர் உருண்டையோடு வந்தது. ஒரு சுண்டு அல்ல, ஒரு பிடிகூடத் தேறவில்லை.

நாற்றத்துக்குச் சேகு காக்கா வேலியைத் தாண்டி வந்தார். கிழிந்த சாக்கைப் பார்த்தார். அதற்குள் இருந்ததைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று நினைத்தேன். (பிளக்கத் தேவையே இல்லை, எனக்கு அளவான குழியை நானே வெட்டி வைத்திருந்தேன்.) அவர் பாத்தியின் ஓரத்துக்குப் போனார்.

"ஓரத்துக் கிழங்கு நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார். குனிந்து பிடுங்கத் தொடங்கினார்.

ஜெமீலா அதைச் சரிபாதியாகப் பிரித்து அவர் பங்கை முதலில் கொடுத்தாள். அவித்து, இடித்து, கரைத்து, காயவைத்து, கூப்பனுக்குக் கோதுமை மா வரும்வரை இரண்டு வீடும் அதில்தான் உயிர் பிழைத்தன. ஊரை ஏமாற்ற நான் போட்ட பாத்தி சோறு போட்டது; நான் சேமித்த சோறு குழிக்குள் போனது. மகன் மறுபடி வீரிட்டு அழுதான். மைமூன் சுவரைப் பிடித்து நடந்தாள்.

அறுவடை முடிந்ததும் கொஞ்சம் புது அரிசி கிடைத்தது. சமைத்து, முதல் கோப்பைச் சோற்றை நானே மைமூனிடம் கொண்டுபோனேன். எலும்பும் கண்ணுமாக இருந்த பிள்ளை சோற்றை நன்றாகப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

"சாச்சா, இது தாட்டு வைச்ச அரிசியோ?"

இன்றைக்கு என் பிள்ளைகள் மட்டுமல்ல, பேரப்பிள்ளைகளும் கோப்பையில் கை வைக்குமுன் அதைக் கேட்கிறார்கள். ஜெமீலா கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சேகு காக்கா எத்தனையோ பெருநாளுக்கு எங்களோடு இருந்து சாப்பிட்டிருக்கிறார். யார் அதைக் கேட்டாலும் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். ஒருநாளும் சிரித்ததில்லை.